அத்திப்பள்ளிக்கு இப்பாலும் அப்பாலும்

1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது, மக்களின் மொழியும் ஆட்சியின் மொழியும் இனி ஒன்றாகும் என்று நாடு நம்பியது. அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. ஆனால் மொழியை வைத்துப் போட்ட கோடு, மக்களின் பிழைப்பையும் சரியாக வகுத்து விட்டதா? பெங்களூருக்கும் ஓசூருக்கும் நடுவே உள்ள அத்திப்பள்ளி எல்லையைப் பார்ப்பவர்கள் 'ஆம்' என்று சொல்லத் தயங்குவார்கள்.

மொழி ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது இயலாது, அது விரும்பத்தக்கதும் அல்ல என்று பசல் அலி கமிஷன் 1955-ல் அளித்த அறிக்கையிலேயே கூறியிருந்தது. கோட்டை எங்கே போட்டாலும் சிலர் அந்தப் பக்கம் தங்கி விடுவார்கள். கோலார் தங்க வயல் தமிழர்கள் மைசூர் மாநிலத்தில் இருந்தார்கள். கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா மைசூருடன் சேர்ந்தது. ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கரும் கன்னடியரும் தமிழ்நாட்டின் குடிமக்களாயினர்.

இது அன்றைய நிலை. பின்னர் வந்த மாறுதலுக்குக் காரணம் மொழி அல்ல, தொழில். பெங்களூர் அருகில் இருப்பதன் அனுகூலத்தை அறிந்தே தமிழ்நாடு அரசு ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையை அமைத்தது. பெங்களூரும் ஓசூர் சாலை வழியே எலெக்ட்ரானிக் சிட்டி வரையிலும் அதற்கு அப்பாலும் வளர்ந்தது. சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு ஊர்களும் இன்று ஏறக்குறைய ஒரே வேலைச் சந்தை. இங்கே குடியிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இருபுறமும் உண்டு. ஓசூர்ப் பக்கத்துக் காய்கறியும் பூவும் பெங்களூர் மார்க்கெட்டை நம்பியே விளைகின்றன.

இந்த ஒற்றுமை அரசாங்க ஏடுகளில் இல்லாததன் விலையைச் சாமானிய மக்களே கொடுக்கிறார்கள். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது பஸ்கள் எல்லையோடு நின்றன. தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் ஆலைக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

வளர்ச்சித் திட்டங்களிலும் இதே கதைதான். ஓசூரில் சர்வதேச விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டுமென்று கர்நாடகமும் இடம் தேடுகிறது. இரு அரசுகளும் பெரும்பாலும் ஒரே பயணிகளைத்தான் கணக்கில் வைத்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்தது. ஓசூருக்கு மீதமுள்ள தூரம் சொற்பமே; ஆயினும் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. பெங்களூரின் கழிவு மட்டும் அனுமதி கேட்பதில்லை. தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அது நுரையாகப் பொங்குகிறது.

அப்படியானால் எல்லையை மாற்றி வரையலாமா? அது தீர்வாகாது. பெல்காம் தகராறில் மகாஜன் கமிஷன் 1967-ல் அறிக்கை தந்தது. 2004-ல் மகாராஷ்டிரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கோட்டை நகர்த்தினால் புதிய சிறுபான்மையினர் தோன்றுவார்களே அன்றிச் சிக்கல் தீராது. மேலும் நலன்கள் எப்போதும் மொழி வழியே பிரிவதும் இல்லை. 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. அந்தத் தண்ணீரைப் பெங்களூர்த் தமிழரும் குடிக்கிறார்கள். அவர்களுடைய உறவினர்கள் தஞ்சையில் அதே ஆற்றை நம்பி நாற்று விடுகிறார்கள்.

கோட்டை அழிக்காமலே இரு பக்கத்தையும் இணைக்க வழி உண்டு. அதற்கு நாட்டிலேயே முன்மாதிரியும் இருக்கிறது. டில்லியைச் சுற்றியுள்ள பகுதிக்காக 1985-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றித் தேசியத் தலைநகர்ப் பகுதித் திட்ட வாரியத்தை அமைத்தது. அரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேச சட்டமன்றங்கள் இசைவு தெரிவித்த பிறகே அது பிறந்தது. எந்த மாநிலமும் தன் நிலத்தில் ஒரு பிடி மண்ணை இழக்கவில்லை. அந்த வாரியத்தின் செயலில் குறைகள் இல்லாமல் இல்லை. எனினும் சாலை, ரயில், குடியிருப்பு ஆகியவற்றைப் பற்றிச் சேர்ந்து திட்டமிட ஓர் இடம் கிடைத்தது.

பெங்களூர்-ஓசூர் வட்டாரத்துக்கும் அத்தகைய கூட்டு வாரியம் தேவை. போக்குவரத்து, தென்பெண்ணையின் தூய்மை, நெருக்கடிக் காலத்தில் தொழிலாளர் தடையின்றிச் சென்று வரும் உரிமை ஆகிய மூன்றையும் அதன் பொறுப்பில் விட்டாலே போதும். 1956-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தென் மண்டலக் கவுன்சிலில் இரு மாநிலங்களும் உறுப்பினர்கள். அதற்கு யோசனை கூறும் அதிகாரமே உண்டு என்றாலும், இந்த யோசனையை முதலில் எழுப்ப அதுவே தகுந்த மேடை. அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டியவை சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள சட்டமன்றங்கள்.