வைக்கோல் தின்ற மிதிவண்டி



சென்ற திங்களில் ஓர் இரவு ஒரு மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அந்த வேளையில் வரும் அழைப்பு நல்ல செய்தி கொண்டுவருவது அரிது என்பதை முதியோர் அறிவர். நடுங்கும் கையோடு எடுத்தேன்.

"மாமா, தூங்கிவிட்டீர்களா?" என்றது மறுமுனைக் குரல். பிரான்சில் வாழும் என் மைத்துனரின் மகன். அவனுக்கு அப்போது இரவு ஒன்பதரை. இரு நாடுகளுக்கும் இடையே உள்ள மூன்றரை மணி நேர வேறுபாட்டை மகிழ்ச்சி மிகுதியில் மறந்துவிட்டான்.

"பயப்பட ஒன்றுமில்லை மாமா. ஒரு கதை சொல்ல வேண்டும். அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்" என்றான். அதற்குப் பிறகு எனக்கு உறக்கம் ஏது?

அவன் புதுவையில் பெண் எடுத்தவன். 1954 நவம்பர் முதல் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் அந்த மாற்றம் சட்டப்படி நிறைவு பெற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய ஒரு வீட்டிற்கு மருமகனாகிப் பாரிசு நகருக்கு அருகில் குடியேறியவன் அவன்.

இந்தக் கோடை விடுமுறையில் கணவனும் மனைவியும் லுவார் ஆற்றின் கரையோரமாக மிதிவண்டியில் சுற்றப் புறப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆற்றை ஒட்டி மிதிவண்டிகளுக்கென்றே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வழித்தடம் உண்டாம். முடிந்தவரை மிதிப்பது, களைத்தால் வண்டியோடு ரயில் ஏறுவது என்பது திட்டம். புளுவா நகரைக் கடந்து ஆம்புவாசு செல்லும் வழியில், கண்ணாடிச் சில்லு ஒன்று பின்சக்கர டயரைக் கிழித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பழுது பார்க்கும் கடைகள் அடைப்பு. உள்ளே இருக்கும் டியூபுக்கு ஒட்டுப் போட்டாலும், டயரின் கிழிசல் வழியாக அது குமிழ்போல் பிதுங்கியது. அவன் மனைவி பையைத் துழாவிப் பற்பசைக் குழாயை எடுத்தாள். அதை வெட்டிக் கழுவி, மடித்து, டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைத்தார்கள். வண்டி ஓடியது. ஆம்புவாசில் ரயில் ஏறினால் மிதிவண்டிகளைத் தொங்கவிடும் கொக்கிகளில் இடமே இல்லை. ஏற்கெனவே ஏறியிருந்த இளைஞர்கள் எழுந்து, தங்கள் வண்டிகளின் பைகளைக் கழற்றி, ஒன்றையொன்று அணைத்துச் சாய்த்து, இடம் உண்டாக்கித் தந்தார்களாம்.

"பற்பசைக் குழாயை வெட்டும்போது எனக்கு அப்பா வைக்கோல் அடைத்த கதைதான் நினைவுக்கு வந்தது மாமா. அதை முழுவதுமாக ஒரு முறை சொல்லுங்கள். என் பிள்ளைகளும் கேட்கட்டும்" என்றான்.

அன்றிரவு அவர்களுக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அது 1982 மே மாதம். இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நெரிசலான சாலையுமாக விளங்கும் வேங்கிக்கால், அன்று ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர். திருவண்ணாமலை மாவட்டமே 1989-இல்தான் பிறந்தது. அப்போது நாங்கள் வட ஆர்க்காட்டார். என் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு கிணறும் ஒரு பம்பு செட்டும் இருந்தன. இரவில் சில மணி நேரமே மும்முனை மின்சாரம் வரும். எந்த இரவு யார் முறை என்பதில் ஒரு நாள் சொல் தடித்தது. வரப்பில் தொடங்கிய சண்டை வாசலுக்கு வந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் நானும் மைத்துனரும் பேசவில்லை. திருமண வீடுகளில் எதிரெதிர்ப் பந்திகளில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் மட்டும் எங்கள் கண்ணில் படாமல் சேர்ந்து விளையாடினார்கள்.

புதுவையில் இளைய மகள் வீட்டில் இருந்த என் மாமியாருக்கு உடல் நலிந்தது. "இருவரும் ஒன்றாக வந்து என் கையால் ஒரு வேளை உண்டால்தான் என் மனம் ஆறும்" என்று சொல்லி அனுப்பினார். மறுக்க முடியுமா? ஆனால் பேருந்தில் சென்றால் ஒரே இருக்கையில் தோள் உரச உட்கார நேரிடும். ஆகவே மிதிவண்டியில் செல்வது என்று அவர் முடிவு செய்தார். நானும் உடனே இசைந்தேன். மிதிவண்டியில் ஒருவர்பின் ஒருவராகப் போகலாம், பேச வேண்டியதில்லை! எங்கள் பயணத்தின் தொடக்கம் அவ்வளவு அழகு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். திரும்பும்போது ரயிலில் வருவதாக ஏற்பாடு.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். கீழ்பென்னாத்தூர் கடந்து செஞ்சியை நெருங்கும்போது என் வண்டியின் காட்டர் பின் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. மிதிக்கும் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது அந்தச் சிறு ஆணிதான். அது போனால் பெடல் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாக ஆடும். மைத்துனர் முன்னே சென்றுகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் நின்றிருப்பார். நான் கொடுக்கவில்லை. வெயிலில் இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து செஞ்சியில் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். அவர் சாலையோரப் புளியமரத்தடியில் காத்திருந்தார். என்னவாயிற்று என்று அவரும் கேட்கவில்லை.

நான் வேறொரு புளியமரத்தடியில் உட்கார்ந்து மலைக்கோட்டையைப் பார்த்தேன். மூன்று மலைகளை மதிலால் கோத்து எழுப்பிய அந்தக் கோட்டையை 1750-இல் பிரெஞ்சுப் படை ஓர் இரவில் பிடித்தது. 1761-இல் ஆங்கிலேயர் அதைப் பெற்றனர். 2025-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றபோது, எனக்கு அந்த இரண்டு புளியமரங்களே நினைவுக்கு வந்தன. எங்களிடமும் கோட்டை இருந்தது. மதில்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

திண்டிவனம் தாண்டியபின் மாலை சாயும் நேரத்தில் அவர் வண்டியில் கருவேல முள் ஏறியது. தனியாகவே கழற்றி, ஒட்டுப் போட்டு, காற்றடித்தார். கிளியனூர்ப் பக்கம் வந்ததும் மீண்டும் ஒரு முள். இம்முறை ஒட்டும் பசை காய்ந்து குழாயிலேயே கல்லாகிவிட்டது. என் பையில் பசையே இல்லை. சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. புதுவைக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும்.

அவர் சற்று நேரம் நின்றார். பிறகு அருகிலிருந்த களத்துமேட்டிற்குச் சென்று, வைக்கோற்போரின் அருகே நின்ற அம்மையாரிடம் ஒரு கட்டு வைக்கோல் கேட்டார்.

"எத்தனை மாடு?" என்றார் அம்மையார்.

"மாடு இல்லை தாயே, மிதிவண்டிக்கு."

அம்மையார் வண்டியை ஒருமுறை பார்த்தார். எங்களை ஒருமுறை பார்த்தார். "கறக்குமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் மைத்துனரின் தோள்களும் குலுங்கின.

டியூபை எடுத்துவிட்டு, வைக்கோலைக் கயிறுபோல் முறுக்கி, டயருக்குள் திணித்தார். இது பழைய காலத்து மிதிவண்டிக்காரர்கள் அறிந்த உபாயம். ஆனால் ஒருவரால் ஆகக்கூடியது அன்று. ஒரு புறம் வைக்கோலை அழுத்திப் பிடித்தால், மறுபுறம் டயரின் விளிம்பு எழும்பும். விளிம்பை நெம்பினால் வைக்கோல் பிதுங்கும். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் தோற்றார். நான்காம் முறை தலை நிமிராமலே சொன்னார்: "மாப்பிள்ளை, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடியுங்கள்."

இரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவை. நான் மண்டியிட்டுப் பிடித்தேன். நான்கு கைகள் சேர்ந்ததும் டயர் அடங்கி உட்கார்ந்தது. கைகளெல்லாம் கறுப்பு, வேட்டியெல்லாம் வைக்கோல். "காட்டர் பின் விழுந்ததை ஏன் சொல்லவில்லை? என் பையில் இரண்டு இருந்ததே" என்றார். நான் என்ன விடை சொல்வேன்?

அதன்பின் ஒருவர்பின் ஒருவராக அல்ல, பக்கத்தில் பக்கத்தில் சென்றோம். வைக்கோல் அடைத்த சக்கரம் ஓடாது, உருளும். மாட்டு வண்டி வேகந்தான். புதுவை சேரும்போது இரவு பத்து மணி. மாமியார் திண்ணையில் விளக்கோடு காத்திருந்தார். டயரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த வைக்கோலை விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். "வண்டிக்குத் தீனி போட்டிருக்கிறீர்கள், நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார். இருவருக்கும் ஒரே இலையை நீளமாக விரித்தார். அவர் கையால் நாங்கள் சேர்ந்து உண்ட கடைசி விருந்து அது. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

திரும்பும் வழியிலும் சோதனை விடவில்லை. டயருக்குப் புதிய டியூபு போட்டு, மிதிவண்டிகளுக்கு லக்கேஜ் சீட்டு வாங்கி, பெயரும் ஊரும் எழுதிய அட்டைகளைக் கட்டி, கார்டு பெட்டியில் ஏற்றினோம். அப்போது மீட்டர் கேஜ் காலம். வில்லியனூர், வளவனூர் வழியாக விழுப்புரம் வந்து வண்டி மாற வேண்டும். சோற்றுப் பசை தடவி நான் ஒட்டிய என் அட்டை நடைமேடையில் திரிந்த ஓர் ஆட்டிற்குப் பிடித்துப்போயிற்று. நாங்கள் தேநீர் அருந்திவிட்டு வருவதற்குள் "திருவண்ணாமலை" முழுவதும் அதன் வாயில்; வெறும் நூல் மட்டும் வண்டியில்! மைத்துனர் தம் துண்டின் ஓரத்தைக் கிழித்து, இரண்டு வண்டிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். "இனி ஓர் அட்டை இரண்டுக்கும் போதும். போனால் சேர்ந்து போகட்டும்" என்றார்.

திருக்கோவிலூர் நிலையத்தில் ரயில் நின்றபோது, சன்னல் வழியே வெளியே பார்த்தபடியே அவர் சொன்னார்: "செவ்வாய், வியாழன், சனி நீங்கள் இறைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. ஞாயிறு யாருக்கு வேண்டுமோ அவர் இறைக்கட்டும்." நான் "சரி மச்சான்" என்றேன். இரண்டு ஆண்டு வழக்கு ஒரு நிலையத்தில் தீர்ந்தது. திருவண்ணாமலையில் இறங்கியபோது துண்டின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அறுக்கத்தான் வேண்டியதாயிற்று.

இதைக் கேட்டு முடித்த பிள்ளையும் எனக்குப் பதிலுக்கு ஒரு கதை சொன்னான். 1913-ஆம் ஆண்டு பிரான்சைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்தோப் என்பவர் வெற்றி வாய்ப்போடு முன்னேறிக்கொண்டிருந்தார். பிரெனே மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவியின்றிப் போட்டியாளரே பழுது பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, அடிவாரச் சிற்றூரில் ஒரு கொல்லன் உலையை அடைந்து, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். கண்காணிப்பாளர்கள் அருகே நின்று பார்த்தார்கள். ஆனால் ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் சுத்தியுமாக நிற்பவர் துருத்தியை எப்படி ஊதுவார்? ஒரு சிறுவன் ஊதினான். அதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. பல மணி நேரம் இழந்தும் அவர் பந்தயத்தை விடாமல் முடித்தார். அந்தப் பந்தயத்தில் ஒருமுறைகூட வெற்றி பெறாத அவரை இன்றும் அந்நாட்டார் போற்றுகிறார்கள்.

எனக்கு அந்தச் சிறுவனே மனத்தில் நிற்கிறான். பந்தயத்தில் உதவி பெற்றவருக்குத் தண்டனை. குடும்பத்திலோ உதவி கேட்காதவனுக்கே தண்டனை. அந்தத் தண்டனையை நானும் மைத்துனரும் இரண்டு ஆண்டுகள் அனுபவித்தோம். அதையும் நாங்களே விதித்துக்கொண்டோம். பழுதில்லாத பயணமாக இருந்திருந்தால் நாங்கள் புதுவை சென்று, உண்டு, பேசாமலே திரும்பியிருப்போம். உங்கள் இல்லத்திலும் பேசாத ஒருவர் இருக்கலாம். பெரிய சமாதானப் பேச்சு எதற்கு? "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடியுங்கள்" என்று ஒரு வேலையை நீட்டிப் பாருங்கள்.

பயணம் செல்வோருக்குச் சில சொற்கள். புறப்படுமுன் பசைக் குழாயை அழுத்திப் பாருங்கள். காட்டர் பின் உள்ள வண்டியானால் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏற்றும் மிதிவண்டிக்கு அட்டையைக் கம்பியால் கட்டுங்கள். பெயரும் ஊரும் எழுதிய இன்னொரு தாளை இருக்கையின் அடியில் மறைத்து வையுங்கள். வண்டி மாறும் நிலையத்தில் தேநீரைவிட மிதிவண்டியை முதலில் கவனியுங்கள். ஆடுகள் இன்றும் இருக்கின்றன.

வரும் டிசம்பரில் பிள்ளை குடும்பத்தோடு வருகிறான். தந்தை மிதித்த சாலையில் ஒரு முறை மிதிக்க வேண்டுமாம். எனக்கு இப்போது கால் ஒத்துழைக்காது. பின்னால் ஆட்டோவில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். காட்டர் பின்களும் பசையும் வாங்கி வைத்துவிட்டேன். வைக்கோல் மட்டும் வாங்கவில்லை. அதை வழியில் யாரிடமாவது கேட்டுக்கொள்வோம்.