கூடாரமும் கடற்கரையும்

மணந்த இருவர் ஒருவரையொருவர் நன்கறிதற்கு ஏற்ற இடம் மாளிகையினும் வழியே எனலாம். இதனை உணர்ந்தே போலும் நம் பழம் புலவர் உடன்போக்கினை அகப்பொருளில் ஒரு பகுதியாக வகுத்தனர். ஆபிரகாமும் அவர் மனைவி சாராளும் பரதேசிகளாய்க் கூடாரங்களில் வாழ்ந்தனர் என்பதை வேதாகமம் பயின்ற நம் மாணாக்கர் அறிவர். யாமும் எம் வாழ்க்கைத் துணைவியும், மோட்டார் வண்டியிற் கித்தான் கூடாரமொன்றை ஏற்றிக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் தென்கரை வழியே சென்று, இரவுதோறும் வெவ்வேறிடத்தில் அதனை அடித்துத் தங்கினோம். அப்பிரயாணத்தின் வரலாற்றை விரித்தல் எம் கருத்தன்று. அங்கு யாம் கண்ட வழக்கொன்றினைப் பற்றி எம் துணிபைக் கூறவே இதனை எழுதப் புகுந்தோம்.

அவ்வழக்கு யாதெனின்: "முன்னாளில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்தோம், இந்நாளிலோ முன்பதிவும் கட்டணமும் கயிற்று வேலியும் தடைப்பலகையுமே எங்கும் காண்கின்றோம், கடற்கரை யாவர்க்கும் பொதுவன்றோ?" என்று கூடாரத்தார் பலர் முறையிடுகின்றனர். கரையைக் காப்போரோ, "பொதுவென்று சொல்லிச் சொல்லியே அதனைப் பாழாக்குகின்றீர்" என விடையிறுக்கின்றனர். புறப்பட்ட நாளில் யாம் முன்னவர் கட்சியிலேயே இருந்தோம் என்பதை மறைக்கவில்லை.

கட்டணத்தைப் பற்றி முதலிற் காண்போம். விக்டோரியா மாநிலத்தில் டார்க்கீ என்னும் ஊரிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் செல்லும் 'கிரேட் ஓஷன் ரோடு' என்னும் கடற்கரைச் சாலை, முதல் உலகப்போரினின்று மீண்ட போர்வீரர் ஏறத்தாழ 3,000 பேரால் 1919 முதல் 1932 வரை அமைக்கப்பட்டது. மலைச் சரிவைக் கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு அகழ்ந்து, போரில் மடிந்த தம் தோழர்க்கு நினைவுச் சின்னமாக அவர் அதனைச் சமைத்தனர். அச்செலவை ஈடுசெய்யும் பொருட்டு முதலிற் சுங்கம் வாங்கப்பட்டது. 1936ஆம் ஆண்டில் சாலை அரசாங்கத்தாரிடம் ஒப்புவிக்கப்பட்டபோது அது நீங்கியது. ஆகவே, கட்டணமென்பது இக்காலத்தார் புதிதாய்க் கண்டுபிடித்த கொடுமையன்று. பிறர் உழைப்பின்மேல் வண்டியோட்டிச் செல்பவர் அவ்வுழைப்பிற்குச் சிறிது ஈடு தருதல் முறையேயாம்.

இனி வேலியைப் பற்றிக் காண்போம். அச்சாலையை அடுத்துக் கடலில் நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தூண்களைப் 'பன்னிரு அப்போஸ்தலர்' என்பர். பெயர் அவ்வாறாயினும் தூண்கள் பன்னிரண்டாக இருந்ததில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவற்றுள் ஒன்று நொடிப்பொழுதில் இடிந்து வீழ்ந்தது. 1990 ஜனவரியில், அவ்விடத்திற்கு அணித்தான 'லண்டன் பாலம்' என்னும் இயற்கை வளைவின் கரைப்புறம் அற்று வீழ, கடற்புறத்தே நின்ற இருவர் ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டனர். அலையும் காற்றும் செய்யும் இவ்வழிவை எவ்வேலியும் தடாது. ஆயினும் நம் காலால் நேரும் அழிவை ஒரு முழக் கயிறு தடுக்கும். இதனை யாம் நாணத்துடன் கற்றுக்கொண்டோம்.

ஒரு பிற்பகல் கூடாரத்திற்குத் திரும்புங்கால், மணல்மேட்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றைக் கண்டு சலித்து, நூறடி தூரம் மிச்சமாகுமென்று அதனைத் தாண்டி நடந்தோம். கரையைக் காக்கும் தொண்டராகிய மூதாட்டி ஒருவர் எதிரே வந்தார். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாராய், எம் காற்சுவட்டினின்று ஒரு சாண் தொலைவைச் சுட்டிக்காட்டினார். மணற்குழியொன்றில் மணலின் நிறமாகவே இரண்டு முட்டைகள் கிடந்தன. அவை உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த கருந்தலைச் சிறுபறவையினுடையவை. அப்பறவை வசந்தத்திலும் வேனிலிலும் அலை எட்டும் எல்லைக்குச் சற்று மேலே வெறுமணலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு ஐந்து வாரமளவு வேண்டும். மனிதர் அருகே நிற்பின் தாய்ப்பறவை அகன்று நிற்கும். வெயிலில் முட்டை கெடும். "விரைந்து செல்லுங்கள், அது திரும்பி வரட்டும்," என்பதே அம்மூதாட்டி சொன்னது. அன்றிரவு காற்று கித்தானை அறைந்துகொண்டிருந்தபோது, "நம் கூடாரத்தை ஒருவர் இவ்வாறு மிதித்துச் சென்றால் என் செய்வோம்?" என்று எம் துணைவி வினவினாள். விடை கூற எமக்கு நா எழவில்லை.

தடைப்பலகைகளுள் தீ மூட்டலாகாதென்பது கூடாரத்தார்க்கு மிக வெறுப்பூட்டுவது. 2019 டிசம்பர் 31ஆம் நாள், கீழ்க்கோடியிலுள்ள மல்லக்கூட்டா என்னும் ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, ஏறத்தாழ 4,000 மக்கள் நீர்க்கரையில் ஒதுங்கினர். பின்னர் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் கடற்படைக் கப்பலில் ஏற்றப்பட்டனர். அத்தீயைக் கூடாரத்தார் மூட்டினர் என்று யாம் கூறவில்லை. அவ்வாறு எரியவல்ல நிலத்தில், நாம் தேநீர் காய்ச்சும் ஆசையினும் அயலார் உயிர் பெரிதென்றே கூறுகின்றோம்.

'யாவர்க்கும் பொது' என்போர் மற்றொன்றையும் மறக்கின்றனர். அத்தென்கரையின் மேற்பாலுள்ள பட்ஜ் பிம் என்னுமிடத்தில், குண்டிச்மாரா என்னும் தொல்குடியினர் எரிமலைப் பாறைகளால் வாய்க்காலும் அணையும் கட்டி விலாங்கு மீன் வளர்த்தனர். அவ்வமைப்பு 6,600 ஆண்டுப் பழமையுடையது. 2019ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. இத்துணைக் காலம் அந்நிலத்தால் உண்டு, அதனைக் கெடாமற் காத்தோர் இருக்க, ஓரிரவு தங்க வந்தோர் உரிமை பேசுதல் எங்ஙனம் பொருந்தும்? யாம் அங்கு விருந்தினரே.

நிற்க. காப்போர் கட்சியிலும் ஒரு குறை கண்டோம். சிலர் செய்யும் கேட்டைக் காட்டி எளிய தங்கலிடங்களை முற்றும் மூடிவிடுவதும், கட்டணத்தை விடுதி வாடகையளவு உயர்த்துவதும் நீதியன்று. செல்வர்க்கு விடுதிகள் உண்டு. சிறு வருவாயுடைய இளந்தம்பதியர்க்குக் கூடாரமன்றிக் கடலோரத்தில் தங்க வேறு வழியில்லை. அவரை அகற்றிவிட்டால் கரையை நேசிப்போர் தொகையும் குறையும். நேசியாததைக் காப்பவர் யார்? ஒரு நீர்க்குழாயும் ஒரு கழிப்பிடமும் அமைத்து, இத்தனை கூடாரமே என வரையறுத்து, பறவை முட்டையிடுங் காலத்தில் வேண்டும் பகுதியை மட்டும் அடைத்து, சிறு கட்டணம் பெறுதலே தக்கது.

மாணவ நண்பர்களே! நீவிரும் ஒருநாள் துணையோடு எத்தேசத்துக் கரையிலேனும் கூடாரம் அடிக்கலாம். அப்போது கயிற்று வேலி எதிர்ப்படின், நூறடி சுற்றிச் செல்லுங்கள். அவ்வேலிக்கு அப்பால் இரண்டு முட்டைகள் இருத்தல் கூடும்.