முறை மாறிற்று, தேர்தல் எங்கே?

தேர்தல் முறையை மாற்றுவோம் என்று ஒரு கட்சி முழங்கும்போதெல்லாம், அம்முழக்கத்தின் அடியில் ஓர் இருக்கைக் கணக்கு மறைந்து கிடக்கும். மக்களாட்சியின் மாண்பு, ஒப்போலையின் சமன்மை என்பனவெல்லாம் வெறும் மேற்பூச்சு. ஐயமுடையார் இலங்கையின் கடந்த அரை நூற்றாண்டைப் பார்க்கட்டும்.

1970-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற ஒப்போலை ஏறத்தாழ 38 விழுக்காடு. சிறிமாவோ அம்மையாரின் சுதந்திரக் கட்சி பெற்றது 37. இருக்கைகளோ, முன்னதற்கு 17, பின்னதற்கு 91! (அம்மையார் இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டு நின்றதும் ஒரு கரணியமே.) 1977-இல் தொகுதிக்கொருவர் என்னும் அதே முறை, பாதிக்குச் சற்றே மேற்பட்ட ஒப்போலைக்குச் செயவர்த்தனாவிடம் 168-இல் 140 இருக்கைகளை வாரி வழங்கிற்று. வாரி வழங்கிய முறையை அவரே மறு ஆண்டில் தூக்கி எறிந்தது ஏன்? பெருந்தன்மையாலா? அன்று. தமக்கு வாய்த்த பெரும்பான்மை பின்வருவார் எவர்க்கும் வாய்த்தலாகாது. தாம் ஆக்கிய அரசமைப்பில் எவரும் கைவைத்தலாகாது. ஒப்போலை அளவிற்கேற்ப இருக்கைகளைப் பகிரும் முறையில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டுதல் அரிது. 2024 வரை எக்கூட்டணியும் தேர்தலில் அவ்வளவை எட்டவில்லை என்பதே அக்கணக்கின் நுட்பத்தைக் காட்டும்.

ஆனால், அப்புதிய முறைப்படியேனும் அவர் நாடாளுமன்றத் தேர்தலை நடத்தினாரா? இல்லை! 1982 திசம்பர் 22-இல் பொதுக் கருத்தெடுப்பு என ஒன்றை நடத்தி, பழைய மன்றத்தின் வாழ்நாளையே மேலும் ஆறாண்டு நீட்டிக்கொண்டார். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக மறுத்தது, கேட்பார் யார்? புதிய முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1989-இல்தான் நடந்தது.

மாவட்டத்தில் எட்டிலொரு பங்கு ஒப்போலை பெறாத கட்சிக்கு இருக்கையில்லை என்பது முதலில் வகுத்த வரம்பு. 1988-இல் பிரேமதாசர்க்கு முசுலிம் காங்கிரசின் துணை தேவைப்பட்டது. வரம்பு உடனே 5 விழுக்காடாகச் சுருங்கிற்று!

தமிழர் பக்கமும் கணக்கு உண்டு, மறைப்பானேன்? 1977-இல் 7 விழுக்காட்டிற்கும் குறைந்த ஒப்போலையில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இருக்கைகள் பெற்றது. 30 விழுக்காட்டை ஒட்டிய ஒப்போலை பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிட்டியது 8. அமிர்தலிங்கனார் எதிர்க்கட்சித் தலைவரானார். ஓரிடத்தே செறிந்து வாழ்வார்க்குத் தொகுதி முறை துணை. மலையகத் தமிழரைப் போலப் பல மாவட்டங்களிற் பரந்து வாழ்வார்க்குப் பகிர்வு முறை துணை. எனவே முறையைப் பற்றித் தமிழ்க் கட்சிகள் ஒரு குரலிற் பேசாமை வியப்பன்று.

வியப்பு 2017-இல் நிகழ்ந்தது. மாகாண மன்றங்கட்குப் பாதி தொகுதி, பாதி பகிர்வு எனக் கலப்பு முறையைக் கொணர்ந்து சட்டம் இயற்றினர். அதற்குரிய தொகுதி எல்லை அறிக்கை 2018 ஆகத்தில் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. எதிர்த்தோர் 139; ஆதரித்தோர் ஒருவருமிலர். முன்வைத்த அமைச்சரே எதிர்த்து ஒப்போலையிட்டார்! பழைய முறைக்குச் சட்டமில்லை. புதிய முறைக்கு எல்லையில்லை. 1982-இல் கருத்தெடுப்பால் தேர்தலைத் தள்ளினர். இம்முறை சீர்திருத்தத்தாலேயே தள்ளிவிட்டனர். 2013-இல் தமிழர் ஒப்போலையிட்டு அமைத்த வடக்கு மாகாண மன்றத்தின் காலம் 2018 அத்தோபரில் முடிந்தது. அதன்பின் ஏழாண்டு கடந்தும் அங்குத் தேர்தல் நடக்கவில்லை. மன்றம் இல்லாத அவ்வாண்டுகளில் மாகாணத்தை ஆண்டவர், கொழும்பு அமர்த்திய ஆளுநர்.