தர்ம ஸ்தாபனங்களின் சம்பள ரகசியம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவாகியுள்ள தர்ம ஸ்தாபனங்கள் சுமார் 1,70,000. ஏழைகளின் பேரால் பணம் தண்டும் இவற்றுள் பல, வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்தில் சம்பளத்தை மட்டும் மறைத்து வந்திருக்கின்றன. வந்தவரிடமோ, “முன் இடத்தில் என்ன வாங்கினீர்?” என்பது கேள்வி! முன்பே குறைத்துக் கொடுக்கப்பட்ட பெண்ணும் கறுப்பரும் என்றைக்கும் குறைத்தே வாங்க இதைவிட வேறு சூழ்ச்சி வேண்டுமா? ஆண் பெண் சம ஊதியச் சட்டமோ அங்கு 1970-லேயே செய்தாய்விட்டது. பொறுக்கமாட்டாத ஊழியர்கள் 2020-ல் ‘சம்பளத்தைக் காட்டு’ என்று கிளர்ச்சி தொடங்கினார்கள். வேலைக்கு வேண்டாத பட்டத்தைக் கேட்காதே என்றும் கிளம்பினார்கள். (பட்டமென்ன, நம் நாட்டுப் பூணூலா?) தொண்டுக்கு வருகிறவன் கூலி பேசலாமா என்கிறார்கள் சில கனவான்கள். தகப்பன் சொத்துள்ளவன் பேசாதிருக்கலாம். மற்றவன் வீட்டு வாடகையை யார் கொடுப்பது என்று நாம் கேட்கின்றோம்.