சைபர் சதவீதம்

கணினி வந்ததால் வாசிப்பு செத்தது என்று ஒரு கட்சி. கணினி வந்ததால் ஓசூர்ப் பையன் கைக்கு உலக அறிவெல்லாம் எட்டிவிட்டது என்று இன்னொரு கட்சி. முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவனான நான் இரண்டிலும் இல்லை. நமது தமிழ்த் துறைகள் பலவற்றுக்குள் தகவல் தொழில்நுட்பம் இன்னும் நுழையவே இல்லை என்பதுதான் என் கட்சி. நுழைந்திருப்பது டைப்ரைட்டர், அதற்குக் கணினி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சமாச்சாரம் இதுதான். என் ஆய்வுக் கட்டுரையை நானே யூனிகோடில் தட்டி எடுத்துக்கொண்டு போனேன். மறுத்துவிட்டார்கள். 'துறை வழக்கப்படி' பாமினியில் இருக்க வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டி.டி.பி. கடையைக் கைகாட்டினார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் செய்வது கண்கட்டு வித்தை. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்திவைக்கின்றன. காகிதத்தில் 'அம்மா' என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உளறல். தமிழில் தேடினால் அகப்படாது.

இது வெறும் யந்திர விவகாரம், இலக்கியக்காரனுக்கு என்ன கவலை என்று கேட்பவர்கள் மேலே படிக்கவும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளே, முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்பிரதியை இன்ஃபிளிப்நெட்டிடம் சேர்ப்பிக்கச் சொல்லியிருந்தன. 2018 விதிகள் திருட்டை அளக்கின்றன: ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. அளப்பது யார்? பொறி. பாமினிக் கோப்பை அதனிடம் கொடுத்தால், யூனிகோடில் உள்ள ஒரு மூலத்திலிருந்து பக்கம் பக்கமாகப் பெயர்த்திருந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் கிருஷ்ணகிரி வட்டாரத்து நடுகற்களைத் தேடி ஆறு வருஷம் அலைந்தவர். ராத்திரி ஷிப்டில் சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை, பகலில் காடும் கரம்பும். ஒரு வரி திருடாதவர். அவருக்குக் கிடைத்த ஒப்புமைச் சான்றிதழ்: சைபர் சதவீதம். நியாயமானதுதான். ஆனால் திருடியவனும் அதே சைபரை வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் இவருடைய சைபருக்கு என்ன மதிப்பு? 'நடுகல்' என்று தேடிப் பார்த்தேன். அவருடைய ஆய்வேடு வரவில்லை. அவர் வாசித்த கல்லில் வட்டெழுத்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாக எழுத்தாகவே இருக்கிறது. அவர் எழுதியது கோப்பில் சேர்ந்த அன்றே எழுத்தாக இல்லாமல் போய்விட்டது.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999ல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு நியதி வகுத்தது. 2010ல் தமிழக அரசே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து'வைத் தொடங்கிச் சொந்தக் காசில் நடத்திய கதைதான் இது. காரியம் வெளியே நடக்கும். பீடம் உள்ளே இருக்கும்.

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். வழியிலேயே எலக்ட்ரானிக் சிட்டி. அந்நிய நாட்டு வங்கிக் கணக்கைச் சீராக்கத் தெரிந்தவர்கள் இங்கிருந்து தினம் பஸ் ஏறிப் போகிறார்கள். அதே ஊரில் தமிழ் எம்.ஏ. மாணவன், தன் பாஷையை ஆங்கில எழுத்துகளுக்குள் ஒளித்துவைக்கப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறான்.

பேராசிரியர்கள் எல்லோரும் திருட்டுக்கு உடந்தை என்று நான் சொல்லவில்லை. பெரும்பகுதி சோம்பல்தான். ஆனால் இந்தச் சோம்பல் சௌகரியமானது. தேட முடிந்தால் ஒப்பிட முடியும். ஒப்பிட முடிந்தால் யார் எதை எங்கிருந்து எடுத்தார் என்பது வெளியே வந்துவிடும். யாரும் எதையும் வாசித்துவிட முடியாது என்ற உறுதியின்மேல் பல பட்டங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கின்றன.

பரிகாரத்துக்குக் கமிஷன் வேண்டாம். இனி யூனிகோடில் இல்லாத ஆய்வேட்டை வாங்க மாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கை. பழைய கோப்புகளை மாற்றித்தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதைப் பிழை பார்க்க மாணவர்கள் இருக்கிறோம். இதைக்கூடச் செய்யாத துறை, மொழியின் தொன்மை பற்றி மேடையில் பேசுவதை நிறுத்திக்கொள்ளட்டும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கலாம். கடைக்குப் போனேன். பாமினியில் அடித்துக் கொடுத்தேன். மதிப்பெண் வேண்டியிருந்தது. அந்த வெட்கமும் சேர்ந்துதான் இதை எழுத வைத்தது. யூனிகோடுப் பிரதியும் என்னிடம் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குத் தருவேன். துறையிலிருந்து இதுவரை யாரும் கேட்கவில்லை.