தொகுதிக்காகப் பெற முடியாது

2025 மார்ச் மாதத்தில் ஒரு நாள், மரக்காணத்தில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, சின்னம்மாவைப் பார்க்க அளத்துக்குப் போனேன். மழைத் தண்ணீர் வற்றி, பாத்திகளைச் சரிசெய்து, அந்த வருடத்து உப்பை எடுக்கத் தொடங்கியிருந்த சமயம். விடியும் முன்னே இறங்கிய பெண்கள் பத்து மணிக்கு வரப்போரக் கொட்டகையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். யாரோ ஒருத்தியின் போனில் முதலமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். முன்பெல்லாம் மணமக்களிடம் அவசரப்படாமல் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்வோம், இனி அப்படிச் சொல்ல முடியாது, உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்பது பேச்சின் சாரம். ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தியதால் நம் எம்.பி. தொகுதிகள் குறையப்போகின்றன என்று காரணமும் சொன்னார்.

கொட்டகையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, அறுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மா வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு அறுத்து உட்டாங்க. இன்னிக்குப் பெத்துக்கச் சொல்றாங்க. எதுல பெக்கறது, உப்புக் கூடையிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதுச்சேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மக்களவைத் தொகுதிகள் 1971 கணக்கெடுப்பின்படி நிற்கின்றன. 1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்த எண்ணிக்கையை உறைய வைத்தது. பிறகு வந்த 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்து முடித்த மாநிலங்களைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நியாயம். தமிழ்நாடு ஏற்கெனவே 1967இல் 41 தொகுதியிலிருந்து 39க்கு இறங்கிய மாநிலம். இன்னும் குறைத்தால் அது அநியாயம், எதிர்க்க வேண்டியதுதான். தில்லியில் எதிர்க்கட்டும், நீதிமன்றத்தில் எதிர்க்கட்டும், தெருவில் எதிர்த்தால் நானும் வருகிறேன். சட்டப் புத்தகத்தில் தீர்க்க வேண்டிய கணக்கைக் கல்யாணப் பந்தலில், பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணின் வயிற்றில் தீர்க்கப் பார்ப்பதுதான் என் சண்டை.

ஒரு கட்சியின் சறுக்கல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெற்றுக்கொள்ளச் சொன்னார். அதே மாதம் சென்னையில், அறநிலையத் துறை 31 ஜோடிகளுக்கு நடத்திவைத்த கல்யாணத்தில், செல்வங்களைக் குறிக்கும் 'பதினாறும் பெற்று' வாழ்த்தைப் பதினாறு பிள்ளைகளாக மாற்றி வேடிக்கையாகச் சொன்னார் மு.க. ஸ்டாலின். டிசம்பரில் நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் குறைந்தது மூன்று வேண்டும் என்றார். ஒருவருக்குத் தொகுதி, ஒருவருக்கு இளம் உழைப்பாளிகள், ஒருவருக்குச் சமுதாயம் அழியாமல் இருக்க வேண்டும். மற்ற எதிலும் ஒத்துப்போகாத மூவரும் இந்த ஒன்றில் ஒரே குரலில் பேசினார்கள். 2025 மார்ச்சில் விஜயநகரம் தெலுங்கு தேசம் எம்.பி. ஒருவர் விலைப்பட்டியலே போட்டார். மூன்றாவது பெண்ணாகப் பிறந்தால் 50,000 ரூபாய், ஆணாகப் பிறந்தால் ஒரு பசு. பெண்ணுக்குப் பணம் தருகிறாரே என்று பாராட்டியவர்களும் உண்டு. மாட்டை யார் கறந்து, யார் சாணி அள்ளுவது என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

என் அம்மாவுக்கு 1994இல் ஆபரேஷன் நடந்தது. அப்போது எனக்கு ஆறு வயது, என் தங்கை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. இலக்கு காலம் அது. 1996இல் இலக்கு முறையைக் கைவிடும் வரை, எத்தனை 'கேஸ்' பிடித்தாய் என்றுதான் கீழ்மட்ட ஊழியர்களைக் கேட்டார்கள். அம்மா ஒரு கேஸ். ஜீப்பில் எட்டுப் பெண்களை ஏற்றிப் போனார்கள். பாயில் வரிசையாகப் படுக்கவைத்ததும், மயக்கம் தெளியாமல் பக்கத்தில் ஒருத்தி வாந்தி எடுத்ததும், சாயங்காலமே அனுப்பியதும் அம்மாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. யாரும் மிரட்டவில்லை. அம்மாவுக்கும் மூன்றோடு போதும் என்றுதான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அவள் வேண்டாம் என்று முடிவெடுத்தாள், அது அவளுடைய முடிவு. ஆனால் லூப், மாத்திரை என்று வேறு வழிகளை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அப்பாவைக் கூப்பிடலாமா என்று யாரும் கேட்கவில்லை. கனம் தூக்கக் கூடாது என்று சொன்னவர்கள், தூக்காத நாட்களுக்குக் கூலி யார் தருவார்கள் என்று சொல்லவில்லை. இருபதாவது நாள் அம்மா அளத்தில் இறங்கினாள். ஈர உப்பு கட்டிய கூடையை ஒருத்தி தூக்கிவிட, இன்னொருத்தி தலையில் வாங்கி, வழுக்கும் வரப்பில் நடந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். அன்று பிடித்த இடுப்பு வலிக்குத்தான் நான் இன்று மாத்திரை வாங்கிப் போகிறேன்.

ஆண்களுக்குச் செய்வது இதைவிட எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, தையல் போடாமலே செய்யும் முறை வந்து வெகுகாலமாகிவிட்டது, இரண்டு நாளில் லேசான வேலைக்குப் போகலாம். இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 15 முதல் 49 வயதுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அரைகூட இல்லை. நாடு முழுவதும் இப்படி இருந்ததில்லை. 1976–77 நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்களுக்கு. பிடித்து இழுத்துப்போய் அறுத்தார்கள், அது கொடுமை. அந்தக் கொடுமைக்கு ஆண்கள் 1977 தேர்தலில் பதில் சொன்னார்கள், ஆட்சி போனது. அரசாங்கம் பாடம் கற்றுக்கொண்டு கத்தியைப் பெண்கள் பக்கம் திருப்பியது. ஆண் உடம்பைத் தொட்டால் ஆட்சி கவிழும் என்றும் பெண் உடம்பைத் தொட்டால் விருது கிடைக்கும் என்றும் அதற்குப் புரிந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே, 1951 கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி ஒரு சொல்லை உருவாக்கியிருந்தார். மூன்றும் அதற்கு மேலும் பெற்று, ஒன்றாவது உயிரோடிருக்கும் தாய்க்கு மறுபடி பிறக்கும் பிரசவத்தை 'முன்யோசனையற்ற தாய்மை' என்று கணக்கில் ஏற்றினார். பிறகு இங்கே தலைமைச் செயலாளராக இருந்து, ஆபரேஷன் செய்துகொள்பவருக்குப் பணம் தரும் ஏற்பாட்டை 1950களிலேயே கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். முன்யோசனையற்ற தகப்பன் என்று ஒரு சொல் இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

இந்த மண்ணில் வேறொரு வாதமும் இருந்தது. கர்ப்பத்தடை பற்றி மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் பேசியபோது, பெண் விடுதலையாக வேண்டும் என்பதற்காகவே அது தேவை என்று பெரியார் எழுதினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. நம் கல்லூரிகளில் அந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லும் மேடைகளிலிருந்தே பெற்றுத் தள்ளச் சொல்லும்போது, பரிசு வாங்கிய என் மாணவிகள் என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். என்னிடம் விளக்கம் இல்லை. அரசாங்கம் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டு விடுதலையை அங்கேயே விட்டுவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் கசப்பது, பேசாமல் பேசும் ஒரு பகுதி. 'அவர்கள்' பெற்றுக் குவிக்கிறார்கள், நாம் குறைந்துபோகிறோம். அவர்கள் என்றால் பீகார்க்காரி, உ.பி.க்காரி. சரி, பீகார்க்காரியைப் பார்ப்போம். 2012 ஜனவரியில் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரவில், டார்ச் வெளிச்சத்தில், பள்ளி மேசைகளின் மேல் படுக்கவைத்து, ஒரே டாக்டர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அதையொட்டிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் செய்து, அங்கு நடந்த முகாம்களில் பதின்மூன்று பெண்கள் செத்தார்கள். 2016 செப்டம்பரில்தான் நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. 1994இல் என் அம்மா படுத்த பாய்க்கும் அராரியா மேசைக்கும் நடுவே எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவளோடு நான் பிள்ளை எண்ணிக்கையில் போட்டி போட வேண்டுமாம்.

சரி, பெறுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். பதினாறு என்று பேசிய அந்த நாட்களில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். மூன்றாவதுக்கு ஒரு பைசா இல்லை. இரண்டு பிள்ளைகள் உயிரோடிருந்தால் அரசு ஊழியைக்கு மகப்பேறு விடுப்பு இல்லை என்பதும் அன்றைய விதி. முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்த ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, மறுமணத்தில் பிள்ளை பெற்றபோது அந்த விடுப்புக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே மாதம், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்து நின்றது யார்? தமிழ்நாடு அரசு. மேடையில் பெற்றுக்கொள் என்றதும் கோர்ட்டில் விடுப்பு கிடையாது என்றதும் ஒரே அரசாங்கம்தான்.

அரசு ஊழியை கோர்ட்டுக்காவது போகலாம். அளத்துப் பெண்ணுக்கு விடுப்பு என்றால் கூலியில்லாத நாள், அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பு எடுக்க முடியாத மழைக்காலத்துக்கு ஸ்டாலின் அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தந்தது. நல்ல காரியம், இதற்கு முன்னால் யாரும் தரவில்லை. ஆனால் சின்னம்மா வேலை செய்யும் இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரமோ மறைவோ கிடையாது. ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் உப்புத் தண்ணீரில் துணி உரசிப் புண்ணாகிறது. கர்ப்பிணிகள் ஏழாம் மாதம்கூடக் கூடை சுமப்பதை நான் பார்த்திருக்கிறேன், என்னைச் சுமந்தபடி அம்மாவும் சுமந்திருக்கிறாள். அங்கே ஒரு கழிப்பறை கட்ட முடியாதவர்களுக்கு அங்கிருந்து ஒரு பிள்ளை கேட்க என்ன உரிமை?

இதே பாதையில் நமக்கு முன்னால் போன ஊர் சிங்கப்பூர். 1972இல் 'இரண்டோடு நிறுத்து' என்றது. 1984இல் பட்டம் படித்த தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை கொடுத்தது, படிக்காத ஏழைப் பெண் ஒன்றிரண்டோடு ஆபரேஷன் செய்துகொண்டால் 10,000 டாலர் என்றது. யார் பெறலாம், யார் பெறக் கூடாது என்று இவ்வளவு பச்சையாக எந்த அரசும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். 1987இல் திருப்பிப் போட்டது: முடிந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள். பணம், விடுப்பு, வரிச்சலுகை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை. நிறுத்து என்றால் நிற்கவைக்கலாம், கத்தி அரசின் கையில் இருக்கிறது. பெறு என்றால் பெறவைக்க முடிவதில்லை. பெண்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டுச் சராசரி 2020 மாதிரிப் பதிவு அறிக்கைப்படி 1.4. இதனால் வரும் கவலைகளில் உண்மையானது முதுமை. 2021இல் இங்கே நூறு பேரில் 13.6 பேர் அறுபது கடந்தவர்கள், 2031இல் அது 18.2 ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களை யார் பார்த்துக்கொள்வது? இன்று பார்ப்பது மகள்களும் மருமகள்களும்தான், கூலியில்லாமல். அளத்தில் முப்பது வருடம் சுமந்தவளுக்குக் கைக்கு எட்டும் ஓய்வூதியம் கொடுங்கள் என்று கேட்டால் நிதி இல்லை என்பார்கள். இன்னொரு பிள்ளை பெற்று அவன் தலையில் கட்டு என்பது அரசுக்குச் செலவில்லாத யோசனை.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் தங்கைக்கு ஒரு பெண் குழந்தை, சிசேரியன். உப்பு பாக்கெட் போடும் இடத்தில் நின்றபடி எட்டு மணி நேர வேலை. போதும் என்று அவளும் அவள் புருஷனும் பேசி வைத்திருந்தார்கள். மார்ச்சுக்குப் பிறகு அவள் மாமியாருக்குப் புதுத் தெம்பு. "முதலமைச்சரே சொல்லிட்டாரு, ஒனக்கு இன்னா கேடு?" என்று ஆரம்பித்து, பையன் வேண்டும் என்பதில் முடியும். அதுவரை வீட்டுக்குள் முனகலாக இருந்தது மேடையிலிருந்து சீல் குத்தி வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் பேசியவர் இதை நினைத்துப் பேசியிருக்க மாட்டார். ஆனால் எந்தப் பேச்சு எந்த வீட்டில் எந்தப் பெண்ணின் மேல் விழும் என்று யோசிப்பது அரசியல்வாதியின் வேலை.

போன மாதம் தங்கை நர்சம்மாவிடம் போய்க் காப்பர்-டி போட்டுக்கொண்டு வந்தாள். மாமியாரிடம் சொல்லவில்லை. என்னிடம் போனில் சொன்னாள், பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. "அக்கா, நான் கேட்டேன், அவருக்கு ஆபரேஷன் பண்ண முடியுமான்னு. நர்சம்மா சிரிச்சாங்க. இந்தப் பக்கம் இதுவரைக்கும் ஒரு ஆம்பளகூட வந்ததில்லையாம்."