சிம்பொனிக்குத் தட்டிய கைகளும் கரைவலை இழுத்த கைகளும்

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. அடுத்த சில நாட்கள் என் மின்னஞ்சற் பெட்டி நிறைந்து வழிந்தது. கடல்கடந்து வாழும் நண்பர்கள், தமிழனுக்கும் ஒரு பேரிசை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால், இதுவரை நம்மிடம் அப்படி ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோல் ஒலித்த அந்தத் தொனியோடு எனக்கு வழக்கு உண்டு.

சிம்பொனி இசைக்குழு என்பது யாது? பல கைகள், அவற்றை நடத்த ஒருவர், பிசகாத காலக்கணக்கு, 'இது எங்களுடையது' என்று உரிமை கொண்டாட ஓர் ஊர். ஐரோப்பிய நகரங்கள் பல தம் இசைக்குழுவைப் பொதுப்பணத்தில் பேணுவது இந்த உரிமையுணர்வினால்தான். இலங்கை சிம்பொனி இசைக்குழு கொழும்பில் 1958இல் தொடங்கி இன்றுவரை நிலைத்திருக்கிறது. சிறிய நாடொன்றில் அது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: மேற்கண்ட நான்கும் புத்தளம் மாவட்டக் கரையிலும் இருந்தன. அவற்றை இசை என்று மதிக்க நாம்தான் தவறினோம்.

சிலாபத்திற்கு வடக்கே, முந்தல் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் இருக்கிறது உடப்பு. தமிழ் மீனவர் ஊர். அங்கே கரைவலை இழுக்கும்போது பாடப்பட்டவை அம்பாப் பாடல்கள். தோணி கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பும். வலையின் இரு கயிறுகளையும் இரண்டு அணிகள் கரையில் நின்று இழுக்கும். ஓரணி முந்தினாலும் வலை கோணும், மீன் தப்பும். ஆகவே ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர் ஏற்றுப்பாட, அந்தத் தாளத்திற்கே கால்கள் பின்வாங்கும், தோள்கள் இழுக்கும். மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கும். பாட்டின் வேகமும் மாறும். மண்டாடி கடலைப் பார்த்தபடி சைகை காட்டிக்கொண்டிருப்பார். நடத்துநரின் கோல் வேறென்ன?

'சுரக்குறிப்பும் பல்குரல் இயைபும் இல்லாத உழைப்புப் பாட்டைச் சிம்பொனியோடு ஒப்பிடலாமா?' என்று கேட்பீர்கள். இலக்கணத்தால் இரண்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்பிடுவது ஊரில் அவை வகித்த இடத்தை. அரங்கில் தாளம் பிசகினால் விமர்சகர் முகஞ்சுளிப்பார். உடப்புக் கரையில் பிசகினால் அன்றைய உலை கொதிக்காது. இவற்றுள் எது ஊருக்கு நெருக்கமான இசை?

இந்த அலட்சியத்தில் என் பங்கையும் மறைக்கமாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன், பத்திரிகையொன்றின் செய்தி மேசையில் நான் இருந்தபோது, அந்தக் கரையிலிருந்து ஒரு பிரதேச நிருபர் அம்பாப் பாடல்களைப் பற்றி நீண்ட கட்டுரை அனுப்பினார். முதியவர்களைத் தேடிப்போய், பாடச்சொல்லி, கையால் எழுதிய தாள்கள். அன்று அமைச்சர் ஒருவரின் உரை வந்து சேர்ந்தது. கட்டுரையை நான்கு வரியாக வெட்டினேன். மூலப்பிரதி குப்பைக் கூடைக்குப் போயிற்று. அமைச்சர் என்ன பேசினார் என்பது இன்று எனக்கே நினைவில்லை. அந்த முதியவர்கள் பாடியதைக் கேட்க இன்று வழியில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு; அது வலுவானது. பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. 'நீ பாட்டுக் கேட்பதற்காக அவன் தோள் தேய வேண்டுமா?' வேண்டவே வேண்டாம். பாட்டைக் காப்பதற்காக மனிதனைக் கயிற்றில் கட்டிவைப்பது கொடுமை. தொழில் மாறட்டும். அதோடு பாட்டும் புதைய வேண்டும் என்று விதியில்லை.

அதற்குச் சான்று அதே மாவட்டத்தில் இருக்கிறது. புத்தளம் நகரை அடுத்த சிரம்பியடியில், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். சிறு சமூகம். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அம்மொழியிலான 'மஞ்சா' பாடல்கள் மறையவில்லை. போத்தலில் கரண்டி தட்டி, தேங்காய்ச் சிரட்டை ஒலித்து, மெல்லத் தொடங்கி விரைந்து முடியும் அந்த இசையை வெளியூர் மேடைகளிலும் அவர்கள் பாடியிருக்கிறார்கள். மொழியே கைவிட்டுப் போன பின்னும் பாட்டைப் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். மொழி கையிலிருக்கும் நாம் பாட்டைத் தவறவிடுகிறோம்.

மொழி கையிலிருக்கிறது என்றேன், எத்தனை காலத்துக்கு? நீர்கொழும்பிலிருந்து சிலாபத்துக்கு அப்பாலும் நீளும் கரையில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல, பாடசாலை மொழி மாறியதோடு, இரண்டொரு தலைமுறையில் சிங்களத்துக்கு மாறிவிட்டன. பாட்டியின் பேச்சு பேரனுக்குப் புரியாத வீடுகள் அங்கே உண்டு. உடப்பு தமிழைக் காத்து நிற்பது தற்செயலன்று. திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவும், பாரதக் கதையும், தீமிதிப்பும், கரையில் எழுந்த பாட்டும் சேர்ந்துதான் அதைக் காத்தன. இவற்றுள் கோயிலுக்குப் புரவலர் உண்டு. பாட்டுக்கு யாருமில்லை.

வெளிநாட்டிலிருந்து ஊர்க் கோபுரங்களுக்கு அள்ளிக்கொடுக்கும் அன்பர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. அம்பா பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களுக்குரிய ஊதியம் கொடுத்து முழுமையாக ஒலிப்பதிவு செய்யுங்கள். அதன் ஒரு பிரதி அந்த ஊர்ப் பாடசாலையிலேயே இருக்கட்டும். அங்குள்ள பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க அவ்வூர்க்காரர் ஒருவருக்கே சம்பளம் கொடுங்கள். அரசு விழாவில் 'கிராமிய நிகழ்ச்சி' என்று ஐந்து நிமிடம் ஒதுக்குவதைப் பெருமையென்று வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இலண்டனில் தட்டிய கைகள் நல்ல கைகள்தாம். அவை இந்தக் கரைக்கும் ஒருமுறை நீளட்டும். நான்கு வரியாக வெட்டிய கையும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.